பெட்டி ஆணி மூன்று

அந்த மைக்கு வேண்டியவை: குடித்து முடித்த தேயிலைச் சக்கை இரண்டு பிடி, வெந்நீர் ஒரு கிளாஸ், துருப்பிடித்த ஆணி மூன்று. இதற்குப் போய் வேலை போய்விடுமோ என்று ஒருவன் பயப்பட வேண்டிவரும் என்று நான் நினைக்கவில்லை.

தோட்டத்துத் தேயிலை ஸ்டோரில், அதாவது கொழுந்து அரைக்கும் தொழிற்சாலையில், பெட்டிகளுக்கு எண் எழுதுவது என் வேலை. தேயிலை விலை விழுந்து, தோட்டத்துக்குத் தோட்டம் ஆளைக் குறைத்துக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பக்கத்து மேஜை ஏற்கனவே காலி.

என் மகளுக்குப் பத்து வயது. அடுப்படியில் சக்கை போடும் டின்னுக்குள் ஒரு துருக்கம்பி விழுந்து, தண்ணீர் கறுத்திருந்ததை அவள்தான் பார்த்தாள்.

"ஆணி போட்டா இன்னும் கறுக்குமாப்பா?"

ஸ்டோரில் உடைந்து கிடந்த பெட்டி மூடியிலிருந்து மூன்று ஆணி பிடுங்கிக் கொண்டுவந்தேன். அந்தப் பலகைகள் அடுப்புக்குப் போகிறவை. ஆணி சாம்பலோடு குப்பைக்குப் போகும். காலை ஆறரைக்கு டின்னில் போட்டோம். மாலை ஐந்துக்குக் கன்னங்கரேல் என்று ஆகிவிட்டது.

"குடிக்கிற டம்ளரத் தொட்டீங்க, அப்பனுக்கும் மகளுக்கும் சோறு கெடையாது" என்றாள் என் மனைவி.

துணியில் வடிகட்டி, இரும்பு நிப்பால் எழுதினோம். மறுநாள் மகள் எலுமிச்சங்காய்ச் சாற்றை ஓர் எழுத்தின்மேல் சொட்டவிட்டாள். எழுத்து வெளுத்து, மங்கலான மஞ்சள் கறை மட்டும் மிஞ்சியது. அன்று முழுக்கத் தன் பெயரை எழுதி எழுதி அழித்தாள். அப்படிச் சிரித்து அவளை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

நான் நாட்குறிப்பு எழுதுகிறவன். என்ன, எவ்வளவு, எங்கிருந்து, மூன்றும் இல்லாமல் எதையும் எழுத மாட்டேன். அவளும் ஒரு நோட்டில், அந்த மையாலேயே, அப்படியே எழுதினாள்.

ஞாயிறு காலை தோட்டத்து ஆபீஸ் கணக்கெல்லாம் பார்க்கும் பெரிய கிளாக்கர் வந்தார். மறுநாள் வட்டவளை ஸ்டேஷனுக்குப் போகும் பெட்டிகளைப் பற்றிச் சொல்லத்தான் வந்தார். மேஜைமேல் மகளின் நோட்டைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டார்.

"என்னய்யா, வீட்டுலயே மை காய்ச்சுறியா? ஆபீசுக்கும் ரெண்டு போத்தல் அனுப்பு. தூள் யாரோடது?"

"மாசாமாசம் குடுக்குற எங்க பங்குத் தூளுங்க. குடிச்ச சக்கைதான்."

மகளின் நோட்டில் சக்கைக்கு அவள் தேதிவாரியாக எழுதியிருந்த வரியைக் காட்டினேன். அவர் விரல் அடுத்த வரிக்கு நகர்ந்தது. சத்தமாகப் படித்தார்: "பெட்டி ஆணி மூன்று. அப்பா ஸ்டோரிலிருந்து கொண்டுவந்தது."

மகள் பெருமையோடு நிமிர்ந்து நின்றாள்.

"ஆணி தோட்டத்துச் சொத்தாச்சே. நாளைக்குக் காலையில இந்த நோட்ட ஆபீசுக்குக் கொண்டா. தொர பாக்கட்டும்."

அவர் போன பிறகு நான் செய்ததை எழுதத்தான் இத்தனையும் எழுதினேன். எலுமிச்சங்காயை நறுக்கி மகள் கையில் கொடுத்தேன்.

"அந்த வரிய அழிச்சிடு."

"பெட்டி ஆணிதானேப்பா?"

"ரோட்டுல கெடந்ததுன்னு எழுது."

அவள் என்னையே பார்த்தாள். "அழி" என்று கத்தினேன். அழித்தாள். முதல்நாள் சிரித்துச் சிரித்துச் செய்ததை உதட்டைக் கடித்துக்கொண்டு செய்தாள். கறைமேல் நான் சொன்னதை எழுதினாள்.

திங்கட்கிழமை ஏழு மணிக்கு நோட்டோடு ஆபீஸ் வாசலில் நின்றேன். பெரிய கிளாக்கர் வெற்றிலையை மென்றபடி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நெசமாவே கொண்டாந்துட்டியா! சும்மா வெளையாட்டுக்குச் சொன்னேன்யா. போ, போய்ப் பெட்டியப் பாரு."

நோட்டை அவர் திறக்கவே இல்லை. உள்ளேயிருந்த இரண்டு பேர் சிரித்தார்கள்.

மூன்று துருப்பிடித்த ஆணிக்காக ஒரு மனிதனை ஒரு பகல், ஓர் இரவு வேகவைத்துவிட்டு விளையாட்டு என்கிறவன் வாயில் அறைந்திருக்க வேண்டும். அறையவில்லை. "சரிங்க" என்றேன். அவர்மேல் உள்ள ஆத்திரத்தைவிட, அந்த ஒரு சொல்லின்மேல் உள்ள ஆத்திரம் இன்னும் ஆறவில்லை.

வீட்டுக்கு வந்து நோட்டை மகளிடம் நீட்டினேன். பழைய வரியையே திரும்ப எழுதச் சொன்னேன். வாங்கிக்கொள்ளாமல் கேட்டாள்:

"எத எழுதணும், எத எழுதக்கூடாதுன்னு முன்னாடியே சொல்லிடுங்கப்பா."

டின்னில் அரைக் கிளாஸ் மை மிச்சமிருந்தது. அதைக் கொண்டுபோய் வாசலில் அழுக்குத் தண்ணீர் ஓடும் கானில் ஊற்றினாள்.