தேத்தண்ணியில் ஊறிய சட்டை

எழுபதுகளின் நடுவில் மெல்பேர்னில் ஒரு தொலைக்காட்சித் தொடரின் உடுப்புப் பகுதியில் வேலை செய்தேன். காட்டுக் கொள்ளையரும் தங்கம் தோண்டியவர்களும் வரும் கதை. தையல் தெரியும் என்று சொல்லிச் சேர்ந்த எனக்குக் கிடைத்ததோ உடுப்பைப் பாழாக்கும் வேலை. கடையிலிருந்து புத்தம்புதுச் சட்டைகள் வரும். கரட் துருவும் தகரத்தால் முழங்கையைத் தேய்ப்பேன், கொலரைக் கிழிப்பேன், வாளி நிறையக் கடும் தேத்தண்ணி காய்ச்சி ஊறப்போடுவேன். காய்ந்ததும் மேலே செம்மண் தூவ வேண்டும். இயக்குநர் முகர்ந்து பார்க்காத குறையாகப் பரிசோதிப்பார். "நிசம்போல இருக்க வேண்டும்" என்பது அவருடைய ஓயாத மந்திரம். கதை நடக்கும் அந்த உள்நாட்டுப் பொட்டல்வெளியை அவரே படங்களில்தான் பார்த்திருந்தார்.

மதுக்கடைக் காட்சியில் கூட்டத்தோடு உட்கார ஒரு கிழவரைக் கூட்டிவந்தார்கள். இளவயதில் மாட்டு மந்தைகளை மாதக்கணக்காகச் சாய்த்து ஓட்டிக்கொண்டு போனவர். தன் சட்டையையே கொண்டுவந்திருந்தார். வெள்ளைச் சட்டை, கஞ்சி போட்டு அழுத்தியது. முழங்கைக் கிழிசலை இழை இழையாக ஓட்டி மூடியிருந்த இடத்தை விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க முடிந்தது. எனக்குப் பொறாமையே வந்தது. தைத்தவர் தன் மனைவி, இப்போது உயிரோடு இல்லை என்றார். மந்தையை ஒப்படைத்ததும் குளித்து, சவரம் செய்து, இப்படி ஒன்றைப் போட்டுக்கொண்டுதான் மதுக்கடைப் படி ஏறுவார்களாம்.

இயக்குநர் முகத்தைச் சுளித்தார். "யார் இந்தத் தேவாலயப் பேர்வழி? ஒருத்தனும் நம்பமாட்டான். பழசாக்கிக் கொண்டு வா."

"இது பழசுதான். இவர் அந்த வேலை செய்த ஆள்" என்றேன்.

"பார்க்கிறவனுக்கு அது தெரியாதே!"

வேறு சட்டை தேடினேன். அவருடைய அளவில் ஒன்றும் இல்லை. எல்லோரும் எனக்காகக் காத்து நின்றார்கள். கிழவர் தானாகவே கழற்றித் தந்தார். "கழுவினால் போய்விடும்தானே?" என்று மட்டும் கேட்டார். தேயிலைக் கறை போகாது என்று இலங்கையில் பிறந்த எனக்கா தெரியாது? தலையாட்டினேன். அந்தத் தலையை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது.

தேத்தண்ணியில் முக்கி எடுத்தேன். தகரத்தை மற்ற முழங்கையில்தான் தேய்த்தேன். அந்தத் தையலைக் காப்பாற்றிவிட்டதாக எனக்கு ஒரு நினைப்பு.

படப்பிடிப்பு முடிந்ததும், கழுவித் தருகிறேன் என்று சட்டையை வீட்டுக்குக் கொண்டுபோனேன். சவர்க்காரம், தேசிக்காய், வெயில், எதற்கும் கறை அசையவில்லை. வாரக்கணக்கில் மல்லுக்கட்டினேன். அதற்குள் அந்தக் காட்சி தொலைக்காட்சியில் வந்துவிட்டது. கணவர் கதிரையை முன்னுக்கு இழுத்தார்.

"இந்த மனுசனைப் பாரும். இவர்தான் அசல். மற்றவையெல்லாம் சும்மா வேசம்."

"ஓம், அசல்தான். அழுக்கு மட்டும் நான் போட்டது" என்றேன். பகிடி என்று நினைத்துச் சிரித்தார்.

கடைசியில் சட்டையைக் கிழவரிடம் கொண்டுபோனேன். தைத்த நூல் துணியைவிட அதிகமாகச் சாயம் குடித்து, முழங்கையில் கரும்பழுப்பாக ஒரு சதுரம் எழும்பியிருந்தது. அவர் அதைத் தடவவில்லை. தடவத் தேவையும் இருக்கவில்லை.

"கண்ணுக்குத் தெரியவே கூடாது என்று இரண்டு தரம் பிரித்துத் தைத்தாள்" என்றார்.