பத்திரிகை அட்டையில் ஒரு பங்களா

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு காலத்தில் ஒரு பங்களா நின்றுகொண்டிருந்தது. இரண்டு மாடி, பன்னிரண்டு ஜன்னல், கூடத்திலிருந்து வளைந்து ஏறும் படிக்கட்டு. வெளியிலிருந்து பார்த்தால் ஏதோ குளிர் தேசத்துக் கடற்கரையில் வெள்ளைக்காரன் கட்டிய வீடு மாதிரியே இருக்கும். சாம்பல் நிறச் சுவரில் மழைநீர் வழிந்த கறையைக்கூட விடாமல் தீட்டியிருந்தது. கூரையைத் தூக்கிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தால்தான் வேடிக்கை. ஒரு சுவரில் பிள்ளையார் இருப்பார். இன்னொரு சுவரில் மஞ்சள் தடவிய ஓரம் தெரியும். மாடி அறையில் "தங்கள் நல்வரவை விரும்பும்" என்ற வரி தலைகீழாக ஓடும். வீட்டுக்கு வந்த கல்யாணப் பத்திரிகைகளின் கெட்டி அட்டையை வெட்டி ஒட்டித்தான் பங்களா முழுவதும் எழும்பியிருந்தது. கட்டி வர்ணம் பூசியவர் என் மாமனார். கோர்ட்டில் பெஞ்ச் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர்.

நான் கல்யாணமாகி நெல்லை டவுனில் அந்த வீட்டுக்கு வந்தபோது அத்தை தவறி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. மாமனாரும் மருமகளும் எதிரெதிரே உட்கார்ந்து பேசுகிற வழக்கம் எங்கள் பக்கத்து வீடுகளில் அவ்வளவாகக் கிடையாது. "சாப்பிட வாங்க மாமா", "பால் வந்துட்டாம்மா", "கதவைப் பூட்டியாச்சு". ஒரு நாளைக்கு இதற்கு மேல் எங்களுக்குள் பேச்சு இருந்ததில்லை. எனக்கோ வாய் கொஞ்சம் நீளம். பேசாமல் இருக்கிற வீட்டில் எனக்கு மூச்சு முட்டும். என் கணவர் தூத்துக்குடிக்கு வேலைக்குப் போய்விட்டு இருட்டித்தான் வருவார். நான் வண்ணார்பேட்டையில் ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் வேலை பார்த்தேன். நாலு மணிக்கு வீடு திரும்பினால் அந்தப் பெரிய வீட்டில் நாங்கள் இரண்டு பேரும்தான்.

அப்பாவுக்குப் பொழுது போகட்டும் என்று என் கணவர் ஒரு டேப்லெட் வாங்கிக் கொடுத்தார். செய்தி பார்ப்பார், தேவாரம் கேட்பார் என்றுதான் நினைத்தோம். அதில் ஏதோ விளம்பரத்தைத் தொட்டு, அவராகவே ஒரு விளையாட்டைப் பிடித்துவிட்டார். துப்பறியும் விளையாட்டு. ஒரு கப்பல் முதலாளி விருந்து நடந்த நாளில் தன் பங்களாப் படிக்கட்டின் கீழே இறந்து கிடக்கிறார். வீட்டில் ஆறு பேர். ஒவ்வோர் அறையாகப் போய்ப் பார்க்க வேண்டும், ஒவ்வொருவரிடமும் கேள்வி கேட்க வேண்டும், கடைசியில் யார் குற்றவாளி என்று நாமே தீர்ப்புச் சொல்ல வேண்டும். தீர்ப்புச் சொல்ல ஒரே ஒரு வாய்ப்புத்தான்.

"ஒரு தடவைதானாம்மா? அப்பீலே கிடையாதா?" என்று என்னிடம் கேட்டார். அதுதான் அவர் என்னிடம் கேட்ட முதல் உருப்படியான கேள்வி.

"கிடையாது போல மாமா."

"அப்பம் நம்ம நிதானமாத்தான் போகணும்" என்றார்.

நிதானம் என்றால் அப்படியொரு நிதானம்! மற்றவர்கள் இரண்டு நாளில் முடித்துவிடுகிற விளையாட்டை அவர் ஒரு வருஷத்து வழக்காக நடத்தினார். எந்த அறைக்கு எந்தக் கதவு என்று மனதில் நிற்கவில்லை என்று முதலில் காகிதத்தில் வரைந்தார். பிறகு அது போதாமல் பத்திரிகைகளை வெட்ட ஆரம்பித்தார். விளையாட்டில் ஓர் அறை திறந்தால் மேசையில் ஓர் அறை எழும்பும். திறக்காத அறையை அவர் கட்டியதே இல்லை. ஆட்களுக்கு, அம்பாசமுத்திரத்தில் மரச்செப்பு கடைகிற ஒருவரிடம் சொல்லி, வர்ணம் ஏற்றாத கட்டை பொம்மைகளாக ஆறு வாங்கி வந்தார். கட்டை விரல் உயரம் இருக்கும். அதில் சட்டை, தொப்பி, நர்ஸின் வெள்ளைக் கவுன், வக்கீலின் கறுப்புக் கோட்டு எல்லாம் மெல்லிய தூரிகையால் தீட்டினார். வர்ணம் வாங்கி வருவது என் வேலை. காலையில் ஆபீஸுக்குக் கிளம்பும்போது ஒரு துண்டுச் சீட்டு கொடுப்பார். "கத்தரிப்பூக் கலர், சின்ன டப்பா ஒன்று. கிடைக்காவிட்டால் நீலமும் சிவப்பும்" என்று கோர்ட் கையெழுத்தில் எழுதியிருக்கும்.

உடுப்பெல்லாம் தீட்டிவிட்டுக் கண்ணை மட்டும் விட்டுவிடுவார். ஒருத்தருடைய வாக்குமூலம் முழுவதையும் கேட்டு, இவர் எப்படிப்பட்டவர் என்று மனதுக்குள் ஒரு முடிவுக்கு வந்த பிறகுதான் அந்தப் பொம்மைக்குக் கண் திறப்பார். "சாட்சி முடியாம கண்ணு திறக்கக் கூடாதுல்லா" என்பார். தோட்டக்காரருக்குக் கண் திறந்த அன்று எனக்கு அல்வா வாங்கி வைத்திருந்தார். ஒரு மரக்கட்டைக்காக இருட்டாகும்வரை கடைத்தெருவில் வரிசையில் நின்றிருக்கிறார் மனுஷர்!

இப்படித்தான் எங்களுக்குள் பேச்சு வந்தது. நாலு மணிக்கு நான் காப்பி கலந்து கொண்டுவந்தால், அன்றைய விசாரணை நிலவரத்தை அவர் சொல்வார். அந்த ஆறு பேரில் ஒருத்தி இறந்துபோனவருடைய மருமகள். "மருமகளைச் சந்தேகப்பட மாட்டேங்கிறீங்களே மாமா" என்று ஒரு நாள் சீண்டினேன்.

"எப்படிம்மா சந்தேகப்படுவேன்? எனக்குச் சோறு கிடைக்க வேண்டாமா?" என்றார். அவர் சிரித்து நான் முதன்முதலில் பார்த்தது அன்றுதான்.

இன்னொரு நாள் வக்கீல் பொம்மையைக் கையில் வைத்து உருட்டியபடியே சொன்னார்: "இந்த ஆளு கேக்காத கேள்விக்கெல்லாம் பதில் சொல்லுதாரும்மா. கூண்டுல எத்தனையோ பேரைப் பாத்துட்டேன். கேக்காததைச் சொல்லுதவன் எதையோ மறைக்கான்." பொம்மையை மேசையில் வைத்தார். பிறகு பைய ஆரம்பித்தார். "முப்பது வருஷம் ஜட்ஜுக்குக் கீழ உக்காந்து எல்லா சாட்சியும் கேட்டிருக்கேன். எனக்கும் மனசுக்குள்ள ஒண்ணு தோணும்லா? ஒரு கேஸ்ல கூட 'நீரு என்ன நினைக்கீரு'ன்னு ஒருத்தரும் கேட்டதில்ல. கேக்கவும் கூடாது, அது முறையில்ல. இப்பம் இந்த டப்பா கேக்குது." சொல்லிவிட்டு வெட்கப்பட்டவர் மாதிரி காப்பி டம்ளரை எடுத்துக்கொண்டார்.

அந்த விளையாட்டு அவருக்கு என்னவென்று அன்றைக்கே எனக்குத் தெரியும். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை.

புரட்டாசி வந்தபோது நாலு பேருக்குக் கண் திறந்திருந்தது. நர்ஸும் வக்கீலும்தான் பாக்கி. எனக்குப் பொறுமை போய்விட்டது. யார்தான் செய்தது என்று தெரிந்துகொள்ளாவிட்டால் தலை வெடித்துவிடும் போல இருந்தது. ஒரு நாள் வண்ணார்பேட்டையில் பஸ் ஏறி, ஜன்னலோரம் இடம் கிடைத்ததும், யாரோ அந்த விளையாட்டை விளையாடிக் காட்டுகிற வீடியோவைப் போனில் போட்டேன். நடுவிலெல்லாம் தள்ளித் தள்ளி விட்டுப் பார்த்தேன். நர்ஸ் அழுதுகொண்டே, "நான்தான் தள்ளினேன்" என்று ஒப்புக்கொள்கிற இடம் வந்தது. அடிப்பாவி, நீயா என்று வாயைப் பிளந்துகொண்டிருக்கும்போதே ஆர்ச் ஸ்டாப் வந்துவிட்டது. போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டேன். மாமாவிடம் மட்டும் மூச்சு விடக் கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் இறங்கினேன். அது உண்மை.

நவராத்திரிக்கு வள்ளியூரிலிருந்து என் நாத்தனார் வந்திருந்தாள். மேசையைப் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, இந்த வயசுல சொப்பு வச்சு விளையாடுதியளே" என்று சிரித்தாலும், பங்களாவைத் தூக்கிக் கொலுப்படிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் வைக்கச் சொன்னவளும் அவள்தான். வந்தவர்கள் எல்லாம் கொலுவை விட்டுவிட்டு அதைத்தான் பார்த்தார்கள். ஆறாம் நாள் சாயங்காலம் கூடம் நிறையக் கூட்டம். மாமா வேட்டி சட்டையில் ஸ்டூலுக்குப் பக்கத்தில் நின்று, அறை அறையாகக் காட்டிக்கொண்டிருந்தார். அத்தனை பேர் நடுவில் அவர் அப்படிப் பேசி யாரும் பார்த்ததில்லை. நான் அடுப்படிக்கும் கூடத்துக்குமாக ஆறு நாளாக ஓடிக்கொண்டிருந்தேன். சுண்டல், தாம்பூலம், காப்பி, மறுபடியும் சுண்டல். வந்தவர்களில் ஒருத்தர்கூட என் கொலுவை நல்லா இருக்கு என்று சொல்லவில்லை. எரிச்சலாகத்தான் இருந்தது. இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது?

பக்கத்துத் தெரு அண்ணாச்சி ஒருத்தர் கேட்டார்: "சரிவே, கொன்னது யாரு? அதைச் சொல்லும்."

"இன்னும் விசாரணை முடியல" என்றார் மாமா.

"ஒரு வருஷமாவா விசாரிக்கீரு? நம்ம ஊரு கோர்ட்டு கெட்டுது போரும்!"

கூடமே சிரித்தது. மாமாவும் சிரித்தார். "எனக்கு ஒரு ஆளு மேல சந்தேகம் இருக்கு. ஆனா சொல்லதுக்கு முன்னால இன்னும்..." என்று ஆரம்பித்தார். சுண்டல் தட்டோடு நின்றிருந்த நான் குறுக்கே விழுந்தேன்.

"அந்த நர்ஸ்தான். நான் போன்லயே பாத்துட்டேன். அவளே ஒத்துக்கிட்டா."

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். "அட, மருமவ முந்திக்கிட்டாளே!" என்றார் அண்ணாச்சி. எனக்கு அந்த நொடி பெருமையாக இருந்தது. அதைத்தான் என்னால் இன்றுவரை பொறுத்துக்கொள்ள முடியவில்லை. மாமா என் முகத்தைப் பார்த்தார். "அந்தப் பொண்ணா?" என்று மட்டும் கேட்டார். "ஆமா மாமா" என்றேன். "அப்படியா. சரிம்மா" என்றார். கோபமே இல்லை. கோர்ட்டில் ஜட்ஜ் எதைச் சொன்னாலும் அவர் இப்படித்தான் தலையை ஆட்டிவிட்டு எழுதிக்கொண்டிருந்திருப்பார் என்று நினைக்கிறேன்.

நவராத்திரி முடிந்து பார்த்தால் இரண்டு பொம்மைக்கும் கண் திறந்திருந்தது. பங்களா அலமாரி மேல் ஏறிவிட்டது. மறுபடியும் சாப்பாட்டு மேசை சாப்பாட்டு மேசையாயிற்று. நாலு மணிக் காப்பியைத் தன் அறைக்குக் கொண்டுபோய்க் குடித்தார். முடிவு தெரிந்ததும் அலுத்துவிட்டது போல என்று நான் நினைத்துக்கொண்டேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தோன்றாமல் இல்லை. ஒரு விளையாட்டுக்குப் போய் மன்னிப்பா என்று தள்ளிப் போட்டேன். "பால் வந்துட்டாம்மா", "கதவைப் பூட்டியாச்சு" என்பதற்கு நாங்கள் திரும்பி வந்துவிட்டோம். அடுத்த ஆனி மாதம், குறுக்குத்துறையில் ஆற்றில் குளித்துவிட்டு வந்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. பங்களாவை நாத்தனார் வள்ளியூருக்கு எடுத்துக்கொண்டு போனாள். வேண்டும் என்று கேட்க எனக்கு முகமில்லை.

போன மாதம், பழைய டேப்லெட்டை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று எடுத்துச் சார்ஜ் போட்டேன். அந்த விளையாட்டு அப்படியே இருந்தது. தொட்டதும் "வழக்கு முடிந்தது" என்று ஆங்கிலத்தில் வந்தது. சரி, நான் சொன்னபடி நர்ஸைக் காட்டி முடித்திருப்பார் என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனேன். மாமா கொடுத்த தீர்ப்பு இருந்தது. குற்றவாளி வக்கீல். அதன் கீழே, தீர்ப்புச் சரி என்று ஒரு முத்திரை.

அன்று பாதியில் விட்ட வீடியோவைத் தேடி எடுத்து மிச்சத்தையும் பார்த்தேன். வக்கீல் மிரட்டியதால்தான் அந்தப் பெண் பொய்யாக ஒப்புக்கொண்டிருக்கிறாள். நான் பஸ்ஸை விட்டு இறங்கிய பிறகு கதை இன்னும் பாதி இருந்திருக்கிறது. விளையாட்டுக்குள்ளேயே குறிப்பு எழுத ஓர் ஏடு உண்டு. அதில் மாமா தன் கோர்ட் ஆங்கிலத்தில் பக்கம் பக்கமாகத் தட்டி வைத்திருந்தார். நர்ஸின் ஒப்புதலை ஏன் நம்புவதற்கில்லை என்று எண் போட்டு ஏழு காரணங்கள். முப்பது வருஷம் மற்றவர்களின் தீர்ப்பைப் பார்த்துப் பார்த்து மனுஷர் கடைசியில் தானே ஒன்று எழுதியிருக்கிறார். எழுதியது சரியாகவும் இருந்திருக்கிறது. என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

தீர்ப்பின் கீழே தேதியும் இருந்தது. அது எந்த நாள் என்று பழைய காலண்டரைத் தேட வேண்டியிருக்கவில்லை. அந்த வருஷத்து விஜயதசமி.

அன்று சாயங்காலம் நான் அடுப்படியில் இருந்தேன். பாயசத்துக்கு முந்திரி வறுத்துக்கொண்டிருந்தேன். மாமா வாசற்படியில் வந்து நின்றார். அடுப்படிப் பக்கம் வருகிறவர் இல்லை அவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டிருந்தார், டேப்லெட்டை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தார். "ஏம்மா, வேலையா இருக்கியோ?" என்று கேட்டார். முந்திரி கருகிவிடுமே என்று நான் திரும்பாமலேயே, "ஆமா மாமா, என்ன வேணும்?" என்றேன்.

"ஒண்ணும் அவசரமில்லம்மா. பொறவு பைய சொல்லுதேன்" என்றார்.

என்ன மாமா என்று நான் பிறகு கேட்கவே இல்லை.