சாந்தாக்காவின் சட்டை

சாந்தாக்கா புடவைக்கு மேல் போட்டுக்கொள்ளும் நீலக் கட்டம் போட்ட சட்டை அவள் புருசனுடையது என்றுதான் எங்கள் குப்பத்தில் எல்லோரும் நினைத்திருந்தார்கள். எனக்கு மட்டும் உண்மை தெரியும். அதை வாங்கிய அன்று திருப்போரூர் கடையில் நான் அவள் பக்கத்தில் நின்றேன்.

கருவாடு காயப்போடும் பெண்கள் வெயிலுக்கும் உப்புக்கும் பயந்து, புருசனின் பழைய முழுக்கைச் சட்டையை மேலே மாட்டிக்கொள்வார்கள். சாந்தாக்காவுக்கு அது ஒத்துவரவில்லை. தாண்டவராயன் மாமா ஒல்லி. அக்கா ஓங்குதாங்கான உடம்பு. அவர் சட்டையைப் போட்டுக்கொண்டு கூடையைத் தூக்கினால் அக்குளில் கிழியும். ஒரு நாள் கடுப்பாகி, கந்தசாமி கோயில் தெருவில் இருந்த துணிக்கடைக்குள் நுழைந்தாள்.

"வூட்டுக்காரருக்கு இன்னா சைஸும்மா?" என்றார் கடைக்காரர்.

"எனுக்கு இன்னா சைஸோ அது."

அவர் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. கடையிலேயே மாட்டிப் பார்த்து, கையைத் தலைக்கு மேல் தூக்கிப் பார்த்து, கிழியவில்லை என்ற பிறகுதான் வாங்கினாள். மாமாவுக்கோ மானம் போய்விட்டது. "ஆம்பள சட்டைய அளவு பாத்து வாங்கினு வந்துகீறா பாரு" என்று குதித்தார். அதோடு விட்டாரா? யார் கேட்டாலும் "எஞ்சட்டதாம்பா அது" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். அவர் அப்படிச் சொல்லும்போதெல்லாம் அக்கா என்னை ஒரு பார்வை பார்ப்பாள்.

போன தை மாதம் சென்னையிலிருந்து ஒரு டிசைனரம்மா வந்தாள். வேடந்தாங்கல் ஏரியில் தொடங்கி மாமல்லபுரம் பாறைவரை ஊர் ஊராகக் காரில் போய், பார்த்ததையெல்லாம் உடையாக்கிக்கொண்டிருந்தாளாம். நான் இஸ்திரி போடும் கடற்கரை ஓட்டலில்தான் அந்த ஃபேஷன் ஷோ நடக்கப்போகிறது என்று பேசிக்கொண்டார்கள். கூடவே ஜெனிட்டா என்ற உதவிப் பெண். அன்று எனக்கு லீவு. அக்காவோடு உட்கார்ந்து மீன் பிரித்துக்கொண்டிருந்தேன்.

காலையிலிருந்து ஜெனிட்டா ஒரே கேள்விதான் கேட்டாள். படகைப் பார்த்து, "அக்கா, இதை எடுத்துக்கலாமா?" வலையைப் பார்த்து, "இதை எடுத்துக்கலாமா?" கருவாட்டைக்கூடக் கேட்டாள். ஒவ்வொரு முறையும் அக்கா சரி என்றதும் போனில் படம் பிடித்தாள். உச்சி வெயிலில் அக்கா சட்டையை அவிழ்த்து, படகுக் கயிற்றில் தொங்கவிட்டிருந்தாள்.

"உங்க வீட்டுக்காரர் சட்டையா? அவர் எங்கக்கா?"

"அவரு கடல்ல கீறாரும்மா" என்று அக்கா கண்ணில் பட்ட உப்பைப் புறங்கையால் துடைத்தாள். மாமா மீன் பிடிக்கப் போயிருந்தார்.

"சட்டைய எடுத்துக்கலாமா?"

"எட்துக்கோ, எட்துக்கோ. வெயில்ல நல்லா வுழும்."

நாங்கள் கூடை கழுவிவிட்டுத் திரும்பியபோது கயிற்றில் சட்டை இல்லை. பதிலுக்கு ஒரு புதுப் பட்டுத் துப்பட்டா தொங்கியது. காரும் போய்விட்டது.

"போட்டோ எட்துக்கோன்னு சொன்னா சட்டைய எட்துகினு போய்ட்டாளே!" என்று அக்கா மணலில் உட்கார்ந்துவிட்டாள். அந்தத் துப்பட்டாவை அவள் தொடவே இல்லை. மறுநாளிலிருந்து மாமாவின் சட்டை. மறுபடியும் அக்குள் கிழிசல்.

ஷோ நடக்கும் நாளும் வந்தது. உடைகளுக்கு நான்தான் இஸ்திரி போட்டேன். அழகில்லை என்று சொன்னால் அது பொய். நாரை இறக்கை மாதிரி வெள்ளையும் கறுப்புமாக ஒன்று, மழையில் நனைந்த பாறை நிறத்தில் ஒன்று. ஆனால் கடைசி வரிசையைப் பார்த்ததும் என் கை நின்றுவிட்டது. எல்லாமே புடவை. எல்லாவற்றின் மேலும் நீலக் கட்டம் போட்ட சட்டை.

மதியம் சாப்பிடப் போகும்போது புல்தரையில் ஒரு பலகையைப் பார்த்தேன். அக்காவின் சட்டையை விரித்து நூலால் தைத்து வைத்திருந்தார்கள். கீழே இங்கிலீஷிலும் தமிழிலும் எழுதியிருந்தது. நான் எட்டாவதோடு நின்றவள்தான், ஆனால் தமிழ் படிப்பேன். படித்ததும் சாப்பிடாமல் குப்பத்துக்கு ஓடினேன்.

அக்கா நான் சொன்னதைக் கேட்டு முடித்ததும் எழுந்து, வலை பின்னிக்கொண்டிருந்த மாமாவின் கையைப் பிடித்து இழுத்தாள். "எழுந்து வாய்யா. நீ செத்துட்டியாம்."

வேலைக்காரர்கள் வரும் வழியாக அவர்களை உள்ளே கூட்டிப்போனேன். டிசைனரம்மாவும் ஜெனிட்டாவும் பலகைக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தார்கள். அக்கா மாமாவைப் பலகைக்கு முன்னால் நிறுத்தினாள்.

"படிடி யோகு. செத்தவன் காதுல வுழறாப்புல படி."

நான் யார் முன்னாலும் வாய் திறக்காதவள். ஆனாலும் படித்தேன். "கடலில் கணவரை இழந்த மீனவப் பெண், அவர் நினைவாக அணியும் அவரது சட்டை."

மாமா லுங்கியை இறக்கிவிட்டுக்கொண்டு முன்னால் வந்தார். "நான் எப்பம்மா செத்தேன்? காலைல நாஸ்தா துன்னேனே?"

ஜெனிட்டா முகம் வெளுத்துவிட்டது. "மேடம், கடல்ல இருக்கார்னுதான் நான் சொன்னேன்."

"ஒரு கதை இருந்தாத்தான் துணி பேசும்" என்றாள் டிசைனரம்மா. கொஞ்சம்கூட வெட்கப்படவில்லை. "சாரிங்க. எழுத்தை மாத்திடறோம். சட்டை மட்டும் இருக்கட்டும். மொத்த வரிசையும் இதுலேர்ந்துதானே வந்தது? உங்களுக்குப் புதுசா பத்துகூட வாங்கித் தர்றேன்."

"அந்தப் பத்துல ஒண்ண இங்க மாட்டிக்கோ!" என்றாள் அக்கா. "உன் கதைக்கு என் தாலிதான் கெடச்சுதா? துணி பேசணுமாமே. எதிர்ல நானே நின்னுகினு இருந்தேனே, எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?"

என் இடுப்பில் நூல் வெட்டும் கத்தரி இருந்தது. யாரையும் கேட்காமல் பலகையில் இருந்த தையலை வெட்டினேன். சட்டை கையில் வந்தது. அப்போதுதான் தெரிந்தது, அளவு எடுப்பதற்காக இடது கையைத் தோளோடு பிரித்து, திரும்ப ஒப்புக்கு ஒட்டி வைத்திருந்தார்கள். தொட்டதும் விழுந்தது. அக்கா அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, ஒற்றைக் கைச் சட்டையைப் புடவைக்கு மேல் மாட்டினாள்.

மேடையில் பெண்கள் நடந்து பழகிக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேர் மேலும் நீலக் கட்டம். யாரும் அவர்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. வாசலில் செக்யூரிட்டி அக்காவை மட்டும் மறித்தான்.

"யம்மா நில்லு. அது ஷோவுக்கு வச்ச சட்டையாச்சே? யாருது?"

அக்கா வாயைத் திறப்பதற்குள் மாமா நடுவில் வந்து நின்றார். எஞ்சட்டை என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அக்காவும் அப்படித்தான் நினைத்திருப்பாள், என்னைப் பார்த்தாள்.

"அவ சட்டப்பா" என்றார் மாமா. "திருப்போரூர்ல அளவு பாத்து அவளே வாங்குனது. வழிய வுடு."