சர்க்கரை இல்லாத காப்பி குடிப்பவர்

கோவை சிங்காநல்லூரில் ஒரு பெயின்ட் கடையின் மாடியில் எங்கள் வகுப்பு நடக்கிறது. ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம்கூடப் பேசிப் பழகாதவர்கள் மாலையில் வேலை முடிந்ததும் வருவார்கள். நான் இலக்கணம் நடத்துவதில்லை. இருவர் இருவராக எதிரெதிரே உட்கார்ந்து பேச வேண்டும். அதற்கு ஒரே ஒரு விதி வைத்திருக்கிறேன். கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டும், அதோடு ஒரு சேதியைச் சேர்க்க வேண்டும், பிறகு ஒரு கேள்வியைத் திருப்பிக் கேட்க வேண்டும். மூன்றில் ஒன்று விட்டுப்போனாலும் பேச்சு நின்றுவிடும்.

எங்கள் பக்கத்து ஆட்கள் பதில் நன்றாகச் சொல்வார்கள். சேதியும் தாராளமாகச் சேர்ப்பார்கள். கேள்வியில்தான் சிக்கிக்கொள்வார்கள். "எப்படீங் டீச்சர் அவுங்களப் போயி கேக்கறது? தப்பா நெனச்சுக்குவாங்க" என்பார்கள். கூச்சமில்லாமல் அவர்கள் கேட்கும் ஒரே கேள்வி, சாப்பிட்டாயிற்றா என்பது. முதல் நாளே அதை ஆங்கிலத்தில் கற்றுக்கொண்டு, அதையே மாற்றி மாற்றிக் கேட்டு முழு வகுப்பையும் ஓட்டிவிடுவார்கள்.

வகுப்பு தொடங்கிய புதிதில் ஒரு பெண் தைரியமாக எழுந்து, உங்கள் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று என்னைக் கேட்டாள். "ஐ லிவ் அலோன்" என்றேன். அறை அப்படியே அடங்கிவிட்டது. எல்லோரும் நோட்டைப் பார்த்தார்கள். அவள் "ஓ, அப்படீங்களா" என்று தமிழில் சொல்லி உட்கார்ந்துவிட்டாள். மரியாதைக்காரர்கள். அதற்கு மேல் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

அடுத்த குழு வந்தபோது நான் போர்டில் ஒரு கணவரை எழுதினேன். மை ஹஸ்பெண்ட் ஒர்க்ஸ் இன் எ பேங்க். ஹி டிரிங்க்ஸ் காபி வித்தவுட் சுகர். பேச்சு உடனே ஓடத் தொடங்கியது. எந்த வங்கி, எத்தனை மணிக்கு வருவார், சமைப்பாரா என்றெல்லாம் கேட்டார்கள். பயிற்சிக்கு எழுதியது என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். அவரைப் பற்றிய பதில்களை மாற்றாமல் பார்த்துக்கொண்டேன். அவர் சட்டைக்கு அவரே இஸ்திரி போட்டுக்கொள்வார். வெள்ளிக்கிழமைகளில் சற்றுத் தாமதமாக வருவார். வகுப்பு முடிந்து வீட்டுக்குப் போய்ப் பூட்டைத் திறந்து விளக்கைப் போட்ட பிறகு அவரைப் பற்றிப் பேச யாருமில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பால் போடுகிறவரிடம் பேசிய இரண்டு வார்த்தையோடு அன்றைய என் பேச்சு முடிந்துவிடும்.

இந்த வருடக் குழுவில் கோட்டைமேட்டிலிருந்து ஒரு பாய் வந்தார். குடைக்கடை வைத்திருப்பவர். "டீச்சரம்மா, உங்க சாருக்குச் சக்கரை வியாதிங்களா? எப்பப் பார்த்தாலும் சக்கரை இல்லாத காப்பியே குடிக்கறாரே" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

அதே குழுவில் ஒரு பெண் இருந்தாள். அவளும் அவள் கணவரும் மோட்டார் பம்புக்கு உதிரிபாகம் கடைந்து கொடுக்கும் சின்ன லேத் பட்டறை வைத்திருந்தார்கள். வடக்கேயிருந்து வியாபாரிகள் போன் செய்தால் எடுத்துப் பேசத்தான் அவள் வந்தாள். உச்சரிப்பு நன்றாக இருந்தது. ஆனால் கேள்வி மட்டும் அவள் வாயிலிருந்து வரவே வராது. உதடு அசையும், கண் என்னைப் பார்க்கும், பிறகு தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்துகொள்வாள்.

ஒரு ஞாயிறு காலை அவளும் கணவரும் என் வீட்டு வாசலில் நின்றார்கள். இருகூர்ப் பக்கம் புதிதாக வீடு கட்டியிருந்தார்கள். கிரகப்பிரவேசத்துக்கு அழைக்க வந்திருந்தார்கள். கையில் தாம்பாளத்தட்டு. அதில் தேங்காய், வெற்றிலை பாக்கு, மஞ்சள், குங்குமம், நடுவில் பத்திரிகை. எங்கள் ஊர்களில் தம்பதியாக வந்து, அந்த வீட்டுத் தம்பதியின் கையில் தட்டைக் கொடுத்து அழைப்பதுதான் முறை. என்னைப் போலத் தனியாக இருப்பவளுக்குப் பத்திரிகை பெரும்பாலும் தபாலில் வரும். யாராவது நேரில் வந்தாலும் கதவருகே நின்றபடி கையில் கொடுத்துவிட்டுப் போவார்கள். என் வீட்டு வாசலுக்கு ஒரு தாம்பாளத்தட்டு வந்தது அன்றுதான்.

"சார் இல்லீங்களா டீச்சர்?" என்றாள் அவள்.

போர்டில் எத்தனையோ முறை எழுதிய "ஹி ஹேஸ் கான் அவுட்" தமிழாகி வாயில் வந்துவிட்டது. "வெளியே போயிருக்கார்."

"அப்ப இன்னொரு நாளைக்கு வாரோமுங்க" என்றார் அவள் கணவர். "பத்திரிகைய ரெண்டு பேருஞ் சேந்து வாங்கோணுமுங்க. அதுதானுங்க மொறை."

நான் நீட்டிய கையை மடக்கிக்கொண்டேன். தட்டு திரும்பிப் போனது. அடுத்த ஞாயிறு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

அந்த வாரம் எனக்கு வேறு நினைப்பே இல்லை. ஊருக்குப் போயிருக்கிறார் என்றால் மறுபடியும் வருவார்கள். உண்மையைச் சொன்னால் அந்தப் பெண் கூசிப்போவாள். வகுப்புக்கு வராமலும் நின்றுவிடலாம். அதைவிட எனக்குப் பயமாக இருந்தது அந்த "ஓ, அப்படீங்களா"தான். அதைக் கேட்டு, அதற்குப் பின் வரும் மௌனத்தில் தட்டை வாங்கிக்கொள்வதைவிட, தட்டே வராமலிருப்பது மேல் என்றுகூட நினைத்தேன். வகுப்பில் வழக்கம்போல நடந்துகொண்டேன். கணவரைப் பற்றிய கேள்வி வந்தபோது மட்டும் பாடத்தைச் சந்தைக்கும் பேருந்துக்கும் திருப்பிவிட்டேன்.

ஞாயிறன்று வந்தார்கள். உட்காரச் சொன்னேன்.

"எங்கூட்டு அம்மணிக்கு உங்க சார் கவலைதானுங்க டீச்சர்" என்று சிரித்தார் கணவர். "விசேசத்தன்னிக்குச் சமையக்காரரு பெரிய குண்டால சக்கரையப் போட்டுத்தான் காப்பி கலக்குவாருங்க. சாருக்குத் தனியா ஒரு சொம்புல வெக்கச் சொல்லோணும்னு ஒரு வாரமாச் சொல்லிட்டு இருக்குதுங்க."

அந்தச் சொம்புதான் என்னைப் பேச வைத்தது. இல்லாதவருக்காக ஒரு வீட்டில் காப்பியை எடுத்து வைக்கப்போகிறார்கள்.

"சார்னு யாருமில்லைங்க" என்றேன். "நான் தனியாத்தான் இருக்கேன். போர்டுல எழுதுனது பயிற்சிக்கு."

கணவர் மின்விசிறியைப் பார்த்தார். "ஓ, அப்படீங்களா" என்றார். பிறகு, "மழை வர்ற மாதிரி இருக்குதுங்க" என்றார். வெளியே நல்ல வெயில்.

அந்தப் பெண் தட்டை மடியில் வைத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வகுப்பில் அசைவதுபோல அவள் உதடு அசைந்தது. தலையை ஆட்டிவிட்டு விட்டுவிடுவாள் என்று நினைத்தேன்.

"ஹவ் லாங், டீச்சர்?"

கணவர் பதறிப்போனார். "ஏ புள்ள, என்ன கேள்வி அது!"

"இருங்க நீங்க. ஒண்ணு திருப்பிக் கேக்கோணுமுங்க. பாடமுங்க அது" என்றாள் அவரைப் பார்க்காமலே.

தமிழில் அவளால் அதைக் கேட்டிருக்க முடியாது. எனக்கும் தமிழில் பதில் வந்திருக்காது. என் அம்மா போனதிலிருந்து என்று ஆங்கிலத்தில், அவளுக்குப் புரியும்படி மெதுவாகச் சொன்னேன். ஒரு சேதி சேர்க்க வேண்டுமே. ஒரு ஆளுக்குச் சோறு வைப்பது கஷ்டம், எப்போதும் மிஞ்சிவிடுகிறது என்றேன். அவள் தலையசைத்தாள். அடுத்தது என் முறை. காப்பி குடிக்கிறீர்களா என்று கேட்டேன்.

"எஸ், டீச்சர். வித் சுகர்" என்றாள்.

காப்பி குடித்து முடித்ததும் அவள் எழுந்து கணவரையும் எழச் சொன்னாள். இருவரும் சேர்ந்து தட்டை நீட்டினார்கள். நான் ஒருத்தியாக வாங்கிக்கொண்டேன். தேங்காயோடு அது நான் நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. பத்திரிகை உறைமேல் அவள் கையெழுத்தில் "டீச்சர், சார்" என்று இருந்தது. அதைப் பார்த்துவிட்டு, "சார்" என்பதை அடிக்கப் பேனா கேட்டாள். இருக்கட்டும் என்றேன். அவர்கள் போன பிறகு வீடு முன்பைவிட அமைதியாக இருந்ததுபோல் பட்டது. தம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் வகுப்பில், வீட்டில் யார் இருக்கிறார்கள் என்ற பாடத்துக்கு "ஐ லிவ் அலோன்" என்று எழுதினேன். நாற்காலிகள் நகரும் சத்தம் நின்றது.

"சக்கரை இல்லாத காப்பிக்காரரு எங்கீங்க டீச்சரம்மா?" என்றார் பாய். யாரும் சிரிக்காததால் அவர் குரலே இறங்கிவிட்டது.

பட்டறைக்காரப் பெண் திரும்பிப் பார்த்தாள். "பாய், டீச்சர் பதில் எழுதிப் போட்டாங்கல்ல? நீங்க அடுத்த கேள்வியக் கேளுங்க."

பாய் மீசையைத் தடவிக்கொண்டு யோசித்தார். தினமும் கடையைப் பூட்டித் திறக்கிறவர். நோட்டைப் பார்க்காமல், ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார்.

"டீச்சர், நைட்... ஹூ லாக் த டோர்?"

"ஐ லாக் த டோர்" என்றேன். காலையில் நானே திறக்கிறேன் என்று ஒரு சேதியும் சேர்த்தேன். அடுத்து நான் ஒன்று கேட்க வேண்டும். எல்லோரும் காத்திருந்தார்கள். சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, "ஹூ ஓபன்ஸ் த டோர் ஃபார் யூ, பாய்?" என்று கேட்டேன்.