ஸ்டான்லி அங்கிளின் சோதனை எலி

எங்கள் ரிச்சர்ட்ஸ் டவுன் கட்டடத்தில் முதலில் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டது நான்தான் என்று கீழ் வீட்டு ஸ்டான்லி அங்கிள் நம்புகிறார். நேற்று போட்டேன். இன்று முழுக்க என் வீட்டு மணியை அவர்தான் அடித்துக்கொண்டிருந்தார்.

காலையில், "ஜுரம் வந்துச்சாப்பா?" என்றார்.

"இல்ல அங்கிள்."

"வரலையா? அப்போ வெறும் தண்ணியத்தான் ஏத்தியிருக்கானுங்க."

மதியம் லேசாக உடம்பு சுட்டது. மறைக்காமல் சொன்னேன்.

"பாத்தியா? இப்படி ஜுரம் வர்ற ஊசிய யாராவது போட்டுப்பாங்களா?"

சாயங்காலம் தூக்குவாளி நிறைய ஆட்டுக்கால் சூப்போடு வந்தார். ஊசி போட்ட கையைத் தூக்கிக் காட்டச் சொன்னார். தூக்கினேன்.

"ரெண்டு வாரம் உன்னப் பாக்கறேன். நல்லா இருந்தேன்னா நாங்களும் போட்டுக்கறோம். ஆன்ட்டிக்கு சுகர் வேற. அவள வெச்சுலாம் ரிஸ்க் எடுக்க முடியாதுப்பா."

நான் சூப்பைப் பார்த்துத் தலையாட்டினேன்.

நேற்று ஊசி வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் அவர் மனைவி ரீட்டா ஆன்ட்டிதான். ஊசி போட்டுக்கொண்டு வெளியே வந்ததும் என்னிடம் சொன்னார்: "அவர்கிட்ட சொல்லிடாதப்பா. நிமிஷத்துக்கு ஒரு தடவ நெத்தியத் தொட்டுப் பாப்பார். உன்னப் பாத்துட்டிருக்கட்டும், எனக்கு வேலை கெடக்கு."

அங்கிள் ஃபேஸ்புக்கில் இல்லை. அவர் நம்பர் வைத்திருப்பவர்கள் ரெண்டு வாரம் வாயைத் திறக்காதீர்கள்.

உங்கள் கட்டடத்தில் எலி யார்? சூப்பாவது கிடைக்கிறதா?