கட்டிலுக்குக் கீழே ஜெனரேட்டர்

ஜெனரேட்டரைக் கட்டிலுக்குக் கீழே வைக்கலாம் என்று முதன்முதலில் யோசித்த மனிதனை நான் ஒருநாள் சந்திக்க வேண்டும். அடிக்கமாட்டேன். அந்தக் கட்டிலின் முன்னால் முழங்காலில் இருத்தி, கையில் ஒரு ஸ்க்ரூ ட்ரைவரைக் கொடுத்து, கழற்று பார்ப்போம் என்று மட்டும் சொல்வேன்.

பழைய பஸ் ஒன்றை யாரோ வீடாக மாற்றியிருந்தார்கள். உள்ளே கட்டில், குசினி, ஒருவர் நிற்கக்கூடிய குளியலறை. சோளகக் காற்றுக் காலத்தில் ஆலங்குடாக் கடலில் பட்டத்தைப் பிடித்துக்கொண்டு சறுக்க வருகிற வெள்ளைக்காரருக்கு வாடகைக்கு விடலாம் என்று அதை வாங்கினேன். விற்றவர் சாவியைத் தரும்போது, ஜெனரேட்டருக்கு ஒயிலை மட்டும் மறக்காமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்தது. கற்பிட்டிக் கரையில் இருபது வருஷம் போட் இஞ்சின் திருத்தியவனுக்கு ஒயில் பற்றிப் பாடம். எங்கள் போட் இஞ்சின்களுக்கு ஒயிலை எரிபொருளோடு கலந்துதான் ஊற்ற வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு அளவு சொல்வேன். ஜெனரேட்டரின் பெட்ரோல் மூடி பஸ்ஸுக்கு வெளியே கைக்கெட்டும் உயரத்தில் இருந்தது. பெட்ரோல் ஊற்றும்போதெல்லாம் அளந்து ஒயிலும் ஊற்றினேன். நீலமாகப் புகை வந்தது. என் தொழிலில் புகைக்காத இஞ்சினை நான் கண்டதில்லை, அதனால் யோசிக்கவும் இல்லை.

கட்டில் பலகை கிரீச்சிடுகிறது, தூங்க முடியவில்லை என்று மனைவி சொன்னாள். மரவேலைக்கு ஒரு ஓடாவியைக் கூப்பிட்டேன். நல்ல வேலைக்காரன்தான். பழைய பலகையை எடுத்துவிட்டுப் புதுப் பலகை போட்டு, சுற்றிவர ஸ்க்ரூ ஆணி அடித்து, அதற்கு மேல் ரெக்சினும் ஒட்டிவிட்டுப் போனான். அந்தப் பலகைதான் ஜெனரேட்டர் பெட்டிக்குப் போகிற வழி என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய ஆள் நான்.

அந்த முறை வாடகைக்கு ஆள் இல்லை. நாங்கள் இரண்டு பேருமே போய் நாலு நாள் இருப்போம் என்று கிளம்பினோம். ஆலங்குடா வீடுகளைத் தாண்டி, ஆளில்லாத கரையில் பஸ்ஸை நிறுத்தினேன். பின் சக்கரம் இரண்டும் மணலில் புதைந்தன. போகும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

இரண்டாம் நாள் பகல் அவளுக்கு மூச்சு முட்டு வந்தது. சின்ன வயதிலிருந்தே உள்ள வருத்தம். புகை, தூசு எதுவும் ஆகாது. மருந்துப் பம்பை வாயில் வைத்து அடித்தாள், முட்டு கேட்கவில்லை. மருந்தை ஆவியாக்கிப் பிடிக்கிற மெசின் கையோடு இருந்தது. ஆனால் அந்த பஸ்ஸில் கரண்ட் என்றால் ஜெனரேட்டர்தான். பொத்தானை அழுத்தினேன். ஓடியது, புகைத்தது, நின்றது. மறுபடி அழுத்தினேன். அதே கதை. மூன்றாம் தடவை இருமிவிட்டு அடியோடு படுத்துக்கொண்டது.

பஸ்ஸை எடுக்கப் பார்த்தேன். சக்கரம் இன்னும் ஆழமாகப் புதைந்ததுதான் மிச்சம். த்ரீவீல்காரருக்குப் போன் போட்டேன். வாறேன், ஆனால் அந்த மணல் பாதையில் நேரம் எடுக்கும் என்றார். அவள் கட்டிலில் கையை ஊன்றிக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு மூச்சும் விசில் மாதிரிக் கேட்டது.

எனக்கு விசர் பிடித்துவிட்டது. பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும். இது என் பிறவிக் குணம்.

"கட்டில விட்டு எறங்கு. நீ அதுல இருந்தா நான் எப்படித் தொறக்குற," என்று கத்தினேன்.

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு தானாக இறங்கி, வாசற்படியில் போய் இருந்தாள். நான் ரெக்சினைக் கிழித்தேன். இருபத்தாறு ஆணி. உப்புக் காற்றில் பாதி துருப்பிடித்துவிட்டது. ட்ரைவரை வைத்தால் தலை வழுக்கியது. போனை லவுட் ஸ்பீக்கரில் போட்டு ஓடாவியைக் கூப்பிட்டு, வாயில் வந்ததெல்லாம் ஏசினேன். முஸீபத்து பிடித்தவனே, இது கட்டிலா கப்ருக் குழியா என்றேன். அவன் பாவம், நானா, நீங்க ஒண்ணும் சொல்லல்லயே என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னான். போனை வெட்டினேன். பிறகு விற்றவனை ஏசினேன், மணலை ஏசினேன். பதினெட்டு ஆணிதான் கழன்றது. மிச்சத்தை ஜாக்கிக் கம்பியை விட்டுப் பலகையோடு பெயர்த்தேன்.

உள்ளே பெட்டியின் மூடியில் ஒரு ஒயில் கேன் படம் ஒட்டியிருந்தது. படத்துக்கு நேரே மஞ்சள் மூடி ஒன்று. இழுத்தால் ஒயில் அளக்கிற குச்சி வந்தது. குச்சி காய்ந்து கிடந்தது.

அப்போதுதான் விளங்கியது. இது போட் இஞ்சின் இல்லை. பஸ் இஞ்சின் மாதிரி, ஒயிலை வேறாக வயிற்றில் வைத்திருக்கிற சாதி. வயிற்றில் ஒயில் குறைந்தால், எரிந்து போகாமல் இருக்கத் தானாகவே நின்றுவிடும். இத்தனை மாதம் அதற்கு ஒரு சொட்டு ஒயில் கொடுக்காமல், பெட்ரோலில் கலந்து புகையாக்கி, அந்தப் புகையை அவள் மூச்சுக்குள் அனுப்பியவன் நான்தான்.

பஸ்ஸுக்கு வைத்திருந்த ஒயிலை ஊற்றினேன். கரி பிடித்த பிளக்கைக் கழற்றித் துடைத்துப் போட்டேன். நாலாவது தடவை பிடித்தது. பெட்ரோல் தாங்கியில் பழைய கலவைதான், புகை வரும். வயரை வெளியே நீட்டி, காற்று வருகிற பக்கமாகத் தூரத்தில் கதிரையைப் போட்டு, அவளை உட்காரவைத்து, மாஸ்க்கை மாட்டி மெசினைப் போட்டேன்.

கால் மணித்தியாலம் போயிருக்கும். விசில் சத்தம் குறைந்தது, உதட்டில் நிறம் வந்தது. த்ரீவீல் இன்னும் வரவில்லை. நான் ஒயில் கதையைச் சொல்லத் தொடங்கினேன், பிழை என்னுடையது என்றும் சொன்னேன். அவள் மாஸ்க்கைக் கொஞ்சம் விலக்கினாள்.

"ஒயில் கிடக்கட்டும். மூச்சு நின்டுரும்னு கூட நான் பயப்படல்ல. கடைசியா என்ட காதுல விழுறது, நீங்க அந்த ஓடாவிக்கு ஏசுற சத்தமா இரிக்கப் போகுதேன்னுதான் பயந்தேன்."

சொல்லிவிட்டு மாஸ்க்கை மறுபடி போட்டுக்கொண்டாள்.