பச்சையாக அறுத்த சந்தன வேம்பு

மரத்தை உடைத்துப் பார்ப்பதுதான் என் படிப்பு. கட்டையை எந்திரத்தில் வைத்து, முறியும்வரை அழுத்தி, எவ்வளவு தாங்கியது என்று பார்ப்போம். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்தவன் நான் ஒருவன்தான். அப்பா தாராபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு மரமில்லில் ரம்பம் ஓட்டியவர்.

போன தை மாத விடுமுறையில் மில்லுக்குப் போயிருந்தேன். ஒரு தோட்டத்துக்காரர் டிராக்டரில் சந்தன வேம்பு கொண்டுவந்து இறக்கினார். வெளியூர்ச் சந்தையில் செடார் என்று விற்கும் மரம். சீக்கிரம் பருக்கும் என்று அவர் வாங்கி நட்ட புது ரகம். அன்று காலைதான் வெட்டியிருந்தார். மறுநாள் விடியலில் புது வீட்டுக்கு வாசல் நிலவு வைக்க முகூர்த்தம். சொந்தத் தோட்டத்து மரத்தில்தான் வாசற்கால் நிற்க வேண்டும் என்றார்.

வெட்டுமுகத்தைப் பார்த்தேன். வளையங்களின் நடுப்புள்ளி ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தது. காற்றுக்குச் சாய்ந்தபடி அவசரமாகப் பருத்த மரம். உள்ளே இழுவிசை இருக்கும். தோட்டத்துக்காரரிடம் சொன்னேன்.

"ஏனுங்க, இதெப் பச்சையா அறுக்க வேண்டாமுங்க. உள்ள இழுத்துப் புடிச்சுட்டு நிக்குது. ரம்பம் பட்டா வெடிச்சு ஆள அடிச்சுப்போடுமுங்க."

அவர் என்னைப் பார்க்காமல் அப்பாவிடம் சொன்னார்: "ஏன்டா, உம்பையன் மரத்துக்கு ஜாதகம் பாக்கறானா? முகூர்த்தத்தெ இவன் மாத்தி வெப்பானா? அறுடா."

"நீ தள்ளி நில்லு கண்ணு" என்று அப்பா கட்டையை ரம்பத்துக்குள் தள்ளினார்.

பாதிவரை போனது. வேட்டு வைத்ததுபோல் ஒரு சத்தம். கட்டை பிளந்து ரம்பத்தைக் கவ்வியது. ரம்பப் பட்டை அறுந்து கூரைத் தகரத்தைக் கிழித்தது. பிளந்த பாதி எகிறி அப்பாவின் விலாவில் அடித்தது. மரத்தூளில் விழுந்தவரின் வாயில் ரத்தம் குமிழியிட்டது.

தோட்டத்துக்காரர் ஓடிவந்தார். தூக்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அப்பாவின் இடுப்பில் உதைத்தார்.

"என்ற நெலவு மரத்தெப் பொளந்துபோட்டியேடா! நாளைக்கு எதெக் கொண்டுபோய் வெப்பேன்?"

"வேற கட்டெ பாத்து அறுத்துத் தாரனுங்க" என்றார் அப்பா, ரத்தத்தைத் துப்பிக்கொண்டே.

அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கையில் கிடைத்த மரச்சட்டத்தை எடுத்து அந்த ஆளின் தோளில் இறக்கினேன். எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. மறுபடி ஓங்கினேன். அப்பா என் காலைப் பிடித்துக்கொண்டார்.

"அவனெ உட்று சாமி. என்னெத் தூக்கு. மூச்சு முட்டுது."

சட்டத்தைப் போட்டுவிட்டு அவரைத் தூக்கினேன்.

உடைந்த விலா நுரையீரலில் குத்தியிருந்தது. கோயமுத்தூரில் ஆபரேஷன் செய்து பிழைக்கவைத்தார்கள். நான் அடித்ததற்கு வழக்கு நடக்கிறது. தோட்டத்துக்காரர் உதைத்ததற்கு இல்லை. வாய்தாவுக்கு அப்பாவும் வருகிறார். பஸ் குலுங்கும்போதெல்லாம் விலாவைக் கையால் அழுத்திக்கொள்கிறார்.